162 முறை ஒரே வார்த்தை: சவுத் பார்க் யாரைக் கிண்டல் செய்கிறது?

கேள்வி இது: “சவுத் பார்க் என்ற அமெரிக்க டிவி கார்ட்டூன், யார் மனமும் புண்படாமல் பேச வேண்டும் என்ற பொலிட்டிக்கல் கரெக்ட்னஸைக் கிண்டல் செய்யும் நையாண்டி என்கிறார்கள். நான் நாலைந்து எபிசோட் பார்த்தேன். கண்ணில் பட்டதெல்லாம் கெட்ட வார்த்தையும் அருவருப்பும்தான். இதில் நையாண்டி எங்கே இருக்கிறது? யாரைத்தான் கிண்டல் செய்கிறார்கள்?”

உங்கள் புகாரில் பாதி நியாயம். கிறிஸ்துமஸ் சமயத்தில் கழிப்பறைக்குள்ளிருந்து எழுந்து வந்து பாட்டுப் பாடும் மலத்துண்டு ஒன்று இந்தத் தொடரில் ஒரு கதாபாத்திரம். பெயர் மிஸ்டர் ஹாங்கி. ஆனால் அவர் முதலில் வந்த 1997 டிசம்பர் எபிசோடின் கதையைக் கேளுங்கள். பள்ளி கிறிஸ்துமஸ் நாடகத்தில் கைல் என்ற யூதப் பையனுக்கு யோசேப்பு வேடம் கொடுத்துவிடுகிறார்கள். அவன் அம்மா சண்டைக்கு வருகிறாள். யார் மனமும் புண்படக்கூடாது, யாருக்கு எது ஆகாதோ சொல்லுங்கள், எடுத்துவிடலாம் என்கிறார் மேயர். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கிறிஸ்து பிறப்பில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழன்றுபோய், கடைசியில் மேடையில் மிஞ்சுவது பிலிப் கிளாஸ் என்ற இசையமைப்பாளரின் பாணியில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்க, பிள்ளைகள் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் அசையும் ஒரு நவீன நாடகம். அதைப் பார்த்துக் கடுப்பான பெற்றோர், உன்னால்தான் கெட்டது என்று ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். மலத்துண்டும் இந்த நையாண்டியும் ஒரே 22 நிமிடத்துக்குள் இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளிவிட முடியாத மாதிரிதான் இந்தத் தொடரைக் கட்டியிருக்கிறார்கள்.

அடிப்படை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் சந்தித்துக்கொண்ட டிரே பார்க்கர், மேட் ஸ்டோன் இருவரும் உருவாக்கியது. காமெடி சென்ட்ரல் என்ற கேபிள் சேனலில் 1997 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கியது. முதல் எபிசோடைக் கலர் காகிதத்தை வெட்டி ஒட்டி, நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தார்கள். அப்புறம் கணினிக்கு மாறினாலும் வேண்டுமென்றே அந்தக் காகிதத் தோற்றத்தை விடவில்லை. பெரும்பாலான எபிசோடுகளை ஆறே நாளில் முடிப்பார்கள். அதனால்தான் அந்த வாரச் செய்தி அந்த வாரமே கதையாகிறது. 2016 நவம்பரில் ஹிலாரி கிளிண்டன்தான் ஜெயிப்பார் என்று நம்பி எழுதி வைத்திருந்தார்கள். டிரம்ப் ஜெயித்ததும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி எழுதி மறுநாள் ஒளிபரப்பினார்கள். பார்த்தால் அவசரம் தெரியும். இந்தத் தொடரின் கூர்மைக்கும் சொதப்பலுக்கும் இந்த ஆறு நாள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

இனி கெட்ட வார்த்தைக்கு வருவோம். அமெரிக்காவில் டிவியில் எதைப் பேசலாம் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவையாளர், ஒளிபரப்பில் சொல்லவே கூடாத வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டும் ஒரு மேடைப் பேச்சு நிகழ்த்தினார். அதை 1973-ல் நியூயார்க் வானொலி ஒன்று பட்டப்பகலில் ஒலிபரப்பியது. புகார் போய், உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 1978-ல் தீர்ப்பு வந்தது: பிள்ளைகள் கேட்கக்கூடிய நேரத்தில் இத்தகைய பேச்சைக் கட்டுப்படுத்த அரசு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இது காற்றலையில் வரும் வானொலிக்கும் டிவிக்கும்தான். காசு கட்டிப் பார்க்கும் கேபிளுக்குப் பொருந்தாது. ஆக, சவுத் பார்க்கில் கேட்கும் ‘பீப்’ சத்தம் சட்டம் போட்டதல்ல. விளம்பரதாரர் முகம் சுளிப்பாரோ என்று சேனல் தானாகப் போட்டுக்கொண்டது. எந்த வார்த்தைக்குப் பீப், எதற்கு இல்லை என்பது ஒவ்வொரு முறையும் பேரம் பேசி முடிவாவது. அந்தப் பேரத்தையே கதையாக்கியதுதான் இவர்களுடைய சாமர்த்தியம்.

2001 ஜூனில் வந்த ‘இட் ஹிட்ஸ் த ஃபேன்’ எபிசோடைக் கட்டாயம் பாருங்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு சிபிஎஸ் சேனலில் ‘சிகாகோ ஹோப்’ என்ற மருத்துவமனைத் தொடரில் ஒரு டாக்டர் ‘ஷிட்’ என்று சொன்னது பெரிய செய்தியாகியிருந்தது. சவுத் பார்க் கதையில், டிவித் தொடர் ஒன்றில் இன்றிரவு அந்த வார்த்தையைச் சொல்லப்போகிறார்கள் என்று ஊரே திருவிழா மாதிரி காத்திருக்கிறது. சொல்லிவிடுகிறார்கள். மறுநாளிலிருந்து ஊரில் எல்லாரும் எதற்கெடுத்தாலும் அதையே சொல்கிறார்கள். திரையின் மூலையில் ஒரு எண் ஏறிக்கொண்டே போகிறது. முடியும்போது 162. ஒன்றுக்குக்கூடப் பீப் இல்லை.

முதல் பத்து முறை சிரிப்பு வரும். ஐம்பதைத் தாண்டும்போது காதில் விழுவது நின்றுவிடும். நூறுக்கு மேல் அது வெறும் சத்தம், ‘அப்புறம்’, ‘வந்து’ என்று நாம் பேச்சுக்கு நடுவே போடுவது மாதிரி. கதையிலும் பையன்களுக்கு அந்த வார்த்தை சலித்துவிடுகிறது. இதற்கிடையே, அந்த வார்த்தையை அளவுக்கு மீறிச் சொன்னவர்களுக்குக் கொள்ளைநோய் வேறு வருகிறது. ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தையைச் சாபச்சொல் என்றும் சொல்வார்களே, அதை நிஜச் சாபமாகவே எடுத்துக்கொண்டு டிராகன் வரைக்கும் கதையை இழுத்துப் போகிறார்கள். அந்தப் பகுதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

அதே எபிசோடில் சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவாகச் சொல்லும் ஆங்கிலச் சொல் ஒன்றை ஆசிரியர் கேரிசன் சொல்கிறார். அவரே ஓரினச் சேர்க்கையாளர், அதனால் பீப் இல்லை. மற்றவர்கள் சொன்னால் பீப் விழுகிறது. ‘ஷிட்’டுக்கு 162 முறையும் விழாத பீப், இந்தச் சொல்லுக்கு வாயைப் பார்த்து விழுகிறது. தமிழில் நமக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. கெட்ட வார்த்தை வேறு, ஒருவனுடைய பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துவது வேறு. பேருந்தில் கால் மிதிபட்டுக் கோபத்தில் கத்துவதும், ஆளைப் பார்த்துச் சாதியைச் சொல்லித் திட்டுவதும் ஒரே கணக்கில் வராது. பீப் சத்தத்துக்குத்தான் இது தெரியாது, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

அந்த வேறுபாட்டை ஆறு வருடம் கழித்து நேராக எடுத்துக்கொண்டார்கள். 2007 மார்ச்சில் வந்த ‘வித் அபாலஜீஸ் டு ஜெஸ்ஸி ஜாக்சன்’. தொடரின் முக்கியப் பையன்களில் ஒருவனான ஸ்டானின் அப்பா ராண்டி, எழுத்து நிரப்பும் டிவி விளையாட்டில் கலந்துகொள்கிறார். தலைப்பு, ‘எரிச்சலூட்டும் ஆட்கள்’. ஒரே ஒரு எழுத்துதான் பாக்கி. விடை ‘நச்சரிப்பவர்கள்’ என்று பொருள்படும் ‘நேகர்ஸ்’. ராண்டிக்குத் தோன்றுவது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்த ‘என்’ வார்த்தை. தயங்கித் தயங்கி, நேரலையில் சொல்லிவிடுகிறார். அரங்கம் உறைந்துபோகிறது. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் கறுப்பர் மெல்லத் தலையை நீட்டிப் பார்க்கிறார்.

இதற்குச் சில மாதம் முன்பு, 2006 நவம்பரில், ‘சைன்ஃபெல்ட்’ டிவி காமெடித் தொடர் புகழ் நடிகர் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் ஒரு காமெடி கிளப்பில் பார்வையாளர்களை அந்த வார்த்தையால் திட்டிவிட்டு, அப்புறம் ஊர் ஊராக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ராண்டியும், கறுப்பின மக்களின் உரிமைத் தலைவரான ஜெஸ்ஸி ஜாக்சனிடம் போய் மன்னிப்புக் கேட்கிறார். அதோடு முடிந்தது என்று நினைக்கிறார். முடியவில்லை. போகிற இடமெல்லாம் ‘அந்த வார்த்தை சொன்ன ஆள்’ என்று அவரைக் கூப்பிடுகிறார்கள். அது தன்னை எவ்வளவு காயப்படுத்துகிறது என்று அவர் புலம்பப் புலம்ப, கடைசியில் அவரை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று நாடாளுமன்றத்திலேயே சட்டம் வருகிறது. வெள்ளைக்காரர் ஒருவருக்கு ஒரு வாரம் வலித்ததற்குச் சட்டம்! கிண்டல் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் எபிசோடின் உயிர் பிள்ளைகள் பக்கம். வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பினச் சிறுவன் டோக்கன். ஸ்டான் அவனிடம் ஒவ்வொரு தடவையும் புது விளக்கத்தோடு போகிறான். எங்கப்பா இனவெறியர் இல்லை, ஜெஸ்ஸி ஜாக்சனே மன்னித்துவிட்டார், எனக்கு உன் நிலைமை புரிகிறது. டோக்கன், உனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். கடைசியில் ஸ்டானுக்கு ஒன்று உறைக்கிறது: தனக்கு இது புரியவே புரியாது. அந்த வார்த்தையைக் கேட்கும்போது ஒரு கறுப்பருக்கு எப்படி இருக்கும் என்பது தனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதைச் சொல்கிறான். இப்போதுதான் உனக்குப் புரிந்திருக்கிறது என்கிறான் டோக்கன். அவ்வளவுதான், படம் முடிந்தது.

இந்த எபிசோடில் அந்த வார்த்தை 40 தடவைக்கும் மேல் பீப் இல்லாமல் வருகிறது. ‘ஷிட்’ மாதிரி தேய்ந்து வெறும் சத்தமாகிவிட்டதா என்றால், இல்லை. கடைசித் தடவையும் முதல் தடவை மாதிரியேதான் விழுகிறது. ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் விஷம் இறங்கிவிடும் என்று இவர்களே 2001-ல் காட்டியதை, இவர்களே 2007-ல் உடைத்துக் காட்டினார்கள். அந்த வார்த்தையை ஒழிக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர்கள்கூட இந்த எபிசோடைப் பாராட்டினார்கள். சவுத் பார்க் பொலிட்டிக்கல் கரெக்ட்னஸுக்கு எதிரி என்று சொல்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

எல்லாம் இப்படி அமைந்துவிடவில்லை. 2009-ல் ‘தி எஃப் வேர்ட்’ என்று ஒன்று எடுத்தார்கள். ஹார்லி பைக்கில் காதைக் கிழித்துக்கொண்டு ஊரைச் சுற்றும் ஆட்களை, மேலே சொன்ன அந்த ஓரினச் சேர்க்கையாளர் வசைச்சொல்லால் பிள்ளைகள் திட்டுகிறார்கள். நாங்கள் ஓரினச் சேர்க்கையாளர்களைச் சொல்லவில்லை, பைக் ஓட்டிச் சத்தம் போடுகிறவனைத்தான் சொல்கிறோம், வார்த்தையின் அர்த்தம் மாறிவிட்டது என்கிறார்கள். அகராதிக்காரர்களை வரவழைத்து அர்த்தத்தையே மாற்றவும் வைக்கிறார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அடித்து உதைக்கும்போது கத்தும் வார்த்தை அது, அகராதியில் மாற்றினால் தெருவில் மாறிவிடாது என்று அந்தச் சமூகத்தின் அமைப்பான ‘கிளாட்’ கண்டித்தது. நான் கிளாட் பக்கம்தான். இரண்டு வருடம் முன்பு ஸ்டானுக்கு உறைத்தது இங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

நையாண்டி கைதவறிப்போனதும் உண்டு. 2005-ல் வந்த எபிசோடில், செம்பட்டை முடிக்காரர்களுக்கு ஆன்மாவே கிடையாது என்று, ஸ்டானின் வகுப்புத் தோழனும் வாய்த்துடுக்கான வில்லனுமான கார்ட்மன் பிரசங்கம் செய்வான். இனவெறிப் பேச்சு எவ்வளவு அபத்தமானது என்று காட்டத்தான், யாரும் பெரிதாக வெறுக்காத ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2008-ல் ‘செம்பட்டை முடிக்காரனை உதைக்கும் நாள்’ என்று பேஸ்புக்கில் குழு தொடங்கி, கனடாவில் பள்ளிப் பிள்ளைகள் நிஜமாகவே உதை வாங்கினார்கள். கார்ட்மன் வில்லன் என்று தெரிந்து சிரிக்கிறவனும் இருக்கிறான், கார்ட்மனோடு சேர்ந்துகொண்டு சிரிக்கிறவனும் இருக்கிறான். திரைக்குள்ளிருந்து பார்த்தால் இரண்டு சிரிப்பும் ஒரே மாதிரிதான் கேட்கும். இதற்குப் பார்க்கரிடமும் ஸ்டோனிடமும் நல்ல பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்ட பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ், அதாவது அரசியல் சரிநிலை, நேரடியாக ஒரு ஆளாகவே வந்தது 2015 செப்டம்பரில். 19-ஆவது சீசன் முதல் எபிசோட். பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் வருகிறார், பெயரே ‘பிசி பிரின்சிபல்’ (‘பிசி’ என்றால் பொலிட்டிக்கலி கரெக்ட்). ஒல்லியான, கண்ணாடி போட்ட, புத்தகப் புழுவான ஒருவரை எதிர்பார்ப்போம். வருவது ஜிம் உடம்பு, கறுப்புக் கண்ணாடி, கல்லூரி விடுதிகளில் பீர் குடித்துக் கூத்தடிக்கும் கும்பலின் ஆள். அந்தக் கும்பல் இப்போது பீரோடு சேர்த்துச் சமூகநீதியையும் குடித்திருக்கிறது. கார்ட்மன் அவரைக் கழிப்பறையில் மடக்கி மிரட்டப் போகிறான். பேச்சோடு பேச்சாக ‘ஸ்போக்ஸ்மேன்’ என்று சொல்லிவிடுகிறான். பெண்களை விலக்கும் சொல்லா சொன்னாய் என்று கேட்டு, அந்தச் சின்னப் பையனை ரத்தம் வரும்வரை அடிக்கிறார் தலைமையாசிரியர்.

இந்தப் பாத்திரத்தில் கிண்டலாவது சரியான சொற்கள் இல்லை. அவர் திருத்துவதில் பல திருத்தங்கள் சரியானவைகூட. அடிப்பதற்கு எப்போதும் ஒரு சாக்குத் தேடுகிற ஆளுக்கு, இந்தத் தலைமுறையில் மிக நல்ல சாக்கு கிடைத்துவிட்டது என்பதுதான் விஷயம். நேற்று பலவீனமானவனை அடித்தவன் இன்று பலவீனமானவன் பேரைச் சொல்லி அடிக்கிறான். அடி வாங்குவது கார்ட்மன் என்பதால் நமக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, பத்து வயதுப் பையன் என்பதால் சங்கடமாகவும் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் நம்மை உட்கார வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் வந்த சீசன்களில் பிசி பிரின்சிபலுக்குக் காதல் வந்தது, எதைக் கேட்டாலும் மனம் புண்பட்டு அழும் குழந்தைகளும் பிறந்தன. அந்தக் குழந்தை ஜோக்கை இழுத்த இழுப்புக்கு ஒரு எபிசோட் போதும்.

தணிக்கைக்காரர்களோடு இவர்கள் ஆடிய ஆட்டம் தனிக் கதை. 1999-ல் வந்த சினிமாவுக்கு முதலில் வைத்த பெயரில் ‘ஹெல்’ என்று இருந்தது. நரகம் என்ற சொல் தலைப்பில் கூடாது என்றது தரச்சான்று வாரியம். சரி என்று ‘பிக்கர், லாங்கர் அண்ட் அன்கட்’ என்று மாற்றினார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு அதில் என்ன இரட்டை அர்த்தம் என்று விளக்க வேண்டாம். வாரியம் அதை அனுமதித்துவிட்டது. படத்தின் கதையே, பிள்ளைகள் கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டதற்கு ஒரு சினிமாவைக் குற்றம் சொல்லி, அம்மாக்கள் கனடா மீது போரே தொடுப்பது. அதில் வரும் ‘பிளேம் கனடா’ பாட்டு ஆஸ்காருக்குப் பரிந்துரையாகி, மேடையில் ராபின் வில்லியம்ஸ் பாடினார்.

எல்லாத் தணிக்கையும் இப்படிச் சிரித்து முடியவில்லை. 2001-ல் நபிகள் நாயகத்தை ஒரு காட்சியில் வரைந்திருந்தார்கள், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் அதே விஷயத்தைத் தொட்டபோது மிரட்டல் வந்தது. சேனல் படத்தை மறைத்து, பெயருக்குப் பீப் போட்டு, கடைசியில் வரும் நீளமான உரை முழுவதற்கும் பீப் போட்டது. மிரட்டலையும் பயத்தையும் பற்றிய உரை அது என்று படைப்பாளிகள் பின்னர் சொன்னார்கள். பிறர் மனம் நோகக்கூடாது என்று வாயை மூடுவது ஒன்று, உயிருக்குப் பயந்து மூடுவது வேறு. பீப் சத்தம் மட்டும் அங்கேயும் ஒன்றுதான்.

டோக்கன் என்று ஒரு பையனைச் சொன்னேன் இல்லையா, அவன் பெயரே ஒரு ஜோக். கணக்குக் காட்டுவதற்காக ஒரே ஒரு கறுப்பரைச் சேர்த்துக்கொள்வதை ஆங்கிலத்தில் அந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். 2022 பிப்ரவரியில் வந்த எபிசோடில் ராண்டிக்குத் தெரியவருகிறது: அவன் பெயர் டோக்கனே இல்லை, டோல்கியன்! ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதியவர் நினைவாக அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். டோக்கன் என்று நினைத்திருந்தது ராண்டியும் ஸ்டானும்தான். ஒரே கறுப்பினப் பையனுக்கு யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா, உனக்கு அப்படித் தோன்றியது என்றால் உன் புத்தி எப்படி என்று அவர்களைப் பார்த்துக் கேட்பது, இருபது வருடமாக அந்த ஜோக்குக்குச் சிரித்த நம்மைப் பார்த்துத்தான். பழைய எபிசோடுகளின் சப்டைட்டிலில்கூடப் பெயரை மாற்றிவைத்தார்கள். தன் பழைய தவறை இப்படியும் திருத்தலாம் என்று காட்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது இது. திருத்தினார்களா, நம் தலையில் கட்டினார்களா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

கடைசியாக, 2025-ல் எங்கே வந்து நின்றார்கள் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் அங்கே இருக்கிறது. 2025 ஜூலை 23 அன்று 27-ஆவது சீசன் தொடங்கியது. டிரம்ப் இரண்டாம் முறை பதவியில். தாய் நிறுவனமான பாராமவுண்ட், டிரம்ப் தொடுத்த வழக்கை 1.6 கோடி டாலர் கொடுத்து அப்போதுதான் முடித்திருந்தது. அதே நிறுவனத்தோடு இவர்கள் 150 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டதாக அந்த வாரமே செய்தி வந்தது. அந்த ஈரம் காயும் முன்பே, டிரம்ப்பை ஆடையில்லாமல் காட்டி, நிறுவனம் பணிந்துபோனதையும் சேர்த்துக் கிண்டலடித்தார்கள். அந்தரங்க உறுப்பை மங்கலாக்க வேண்டுமா வேண்டாமா என்று சேனலோடு பேரம் நடந்ததாம். கடைசியில் அதற்கு இரண்டு கண் வரைந்துவிட்டார்கள். கண் இருந்தால் அது ஒரு கதாபாத்திரம், மங்கலாக்க வேண்டாம்! பார்க்கரே சொன்ன கதை. இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொடரை யாரும் மதிப்பதில்லை என்று வெள்ளை மாளிகையிலிருந்து அறிக்கை வந்தது.

அந்த எபிசோடில் பிசி பிரின்சிபல் இன்னும் இருக்கிறார். ‘பிசி’க்கு விரிவாக்கம்தான் மாறிவிட்டது, இப்போது அது ‘பவர் கிறிஸ்டியன்’. பள்ளிக்குள் ஏசுவையே கூட்டிவந்துவிடுகிறார். உடம்பு அதே, குரல் அதே, பிள்ளைகளை நிற்க வைத்து மிரட்டும் தோரணையும் அதே. கார்ட்மன் பாடுதான் திண்டாட்டம். முற்போக்காளர்கள் புலம்புவதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே அவன் கேட்டுவந்த பொது வானொலியை அரசு நிறுத்திவிட்டது. யாரை வேண்டுமானாலும் என்ன வார்த்தையும் சொல்லலாம், கண்டிக்க யாருமில்லை. இத்தனை வருடமாக அவன் சீண்டிப் பிழைத்ததெல்லாம் போய்விட்டது. வாழ்ந்து பயனில்லை என்று முடிவுகட்டி, ஒன்றும் புரியாத பட்டர்ஸ் என்ற அப்பாவி வகுப்புத் தோழனையும் இழுத்துக்கொண்டு கராஜ் கதவைச் சாத்திவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து புகைக்காகக் காத்திருக்கிறான். நெடுநேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அது எலெக்ட்ரிக் கார்.